தூத்துக்குடியில் இறங்கும் பைன் மரமும் கோத்தகிரியில் நிற்கும் சில்வர் ஓக்கும்

கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற வாசகி ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மாமனார் காலத்திலிருந்து குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பட்டா இப்போது வாசகியின் பெயரில் உள்ளது. தேயிலைக்கு நிழலாக மாமனார் நட்ட சில்வர் ஓக் மரங்கள் நன்கு பருத்துவிட்டன. பசுந்தேயிலை விலை பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போய்விடுவதால், மரங்களில் ஒரு பகுதியை விற்று, மகன் ஒரு கூட்டாளியுடன் மேட்டுப்பாளையத்தில் நடத்தும் பேக்கிங் பெட்டிப் பட்டறையின் கடனை அடைக்கலாம் என்று நினைத்தார். மரம் பார்க்க வந்த வியாபாரியோ எதிர்பார்த்ததில் பாதி விலைதான் சொன்னார். “தூத்துக்குடியில் வெளிநாட்டு பைன் மரம் வந்து குவிகிறது, உங்கள் மரத்தை யார் கேட்கிறார்கள்” என்று காரணமும் சொன்னார். இறக்குமதியைத் தடை செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறார் மகன். இடையில் புகுந்த தரகர் ஒருவர், வெட்டு அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை, தூத்துக்குடி இறக்குமதி பில் ஒன்றை வாங்கித் தருகிறேன், அதைக் காட்டியே மரத்தை மலையிலிருந்து இறக்கிவிடலாம் என்கிறார். வாசகி கேட்பது மூன்று: இறக்குமதி மரத்துக்குத் தடையோ கூடுதல் வரியோ வாங்க வழக்குப் போடலாமா? சொந்தப் பட்டா நிலத்தில் நாமே வைத்த மரத்தை வெட்ட ஏன் அனுமதி வேண்டும்? தரகர் சொல்லும் வழியில் போகலாமா?

அன்புள்ள அம்மையீர்,

மூன்றாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். மற்ற இரண்டும் ஆற அமரப் பேசலாம்; இதில் ஒரு வாரத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு உங்களையும் மகனையும் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேற வைத்துவிடக்கூடும்.

அந்த பில் வேண்டாம்

வண்டியில் சில்வர் ஓக், தாளில் வெளிநாட்டு பைன்: தரகர் சொல்லும் வழி இவ்வளவுதான். சில்வர் ஓக்கின் அறுத்த முகத்தில் தெரியும் அகன்ற கதிர்க் கோடுகள் பைனில் கிடையா. மரத்தோடு பழகிய எந்த வனப் பணியாளருக்கும் சோதனைச் சாவடியில் அது ஒரு பார்வையிலேயே புரிந்துவிடும். அதைவிட எளிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. தூத்துக்குடியில் இறங்கிய மரம் எதற்காகக் கோத்தகிரிக்கு ஏறி, மறுபடியும் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்க வேண்டும்? தரகரிடம் இதற்கு விடை இருக்காது. அந்த நேரத்தில் அவரும் அங்கே இருக்க மாட்டார்.

சட்டத்தின் பார்வையில் இது ஒரு தவறு அல்ல, பல தவறுகளின் தொகுப்பு. அனுமதியின்றி மரம் வெட்டியது 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப் பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். பொய்யான ஆவணத்தோடு மரத்தைக் கொண்டு சென்றதை 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழும், 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின் கீழும் விசாரிப்பார்கள். மரத்தோடு வண்டியையும் கைப்பற்ற முடியும். பொய் ஆவணத்தை உண்மையென்று காட்டியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ்த் தனி வழக்கு வரும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129ஆம் பிரிவு, பொருந்தாத ஆவணத்தோடு செல்லும் சரக்கைத் தடுத்து வைக்கவும், செலுத்த வேண்டிய வரியைப் போல இரு மடங்கு அபராதம் விதிக்கவும் இடம் தருகிறது. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது உங்கள் மகனின் கணக்குப் புத்தகம்தான். வராத பைன் மரத்தை வாங்கியதாக அவர் பட்டறையில் பதிந்து, அதற்குக் கட்டியதாகக் காட்டும் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி என்று கழித்துக்கொண்டால், கடனுக்காகத் தொடங்கிய காரியம் வரி மோசடி வழக்காக முடியும். நிலம் உங்கள் பெயரில் இருப்பதால் முதல் அறிவிப்பு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

இறக்குமதிக் கொள்கை யாரைக் காக்கிறது

இனி முதல் கேள்வி. அரசு வெளிநாட்டு மரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு உள்நாட்டு மரத் தொழிலைக் கைவிட்டுவிட்டது என்று மகன் நினைக்கிறார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம் பாதிதான் சரி.

வரியின் அமைப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். உருட்டு மரமாக வந்தால் அடிப்படைச் சுங்க வரி 5 சதவீதம்; அறுத்த பலகையாக வந்தால் 10 சதவீதம். அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. பிறகு மொத்தத்தின் மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. எனப்படும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. துறைமுகத்தில் 100 ரூபாய் மதிப்புள்ள உருட்டு மரம், சுங்கம் சேர்ந்து 105 ரூபாய் 50 காசாகி, ஐ.ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 124 ரூபாய் 49 காசாகிறது. அதே மதிப்புள்ள பலகை 111 ரூபாயாகி, பிறகு 130 ரூபாய் 98 காசாகிறது. ஐ.ஜி.எஸ்.டி.யைப் பதிவு பெற்ற வணிகர் பின்னால் ஈடு செய்துகொள்வார் என்பதால், இறக்குமதியாளரின் தோளில் உண்மையில் தங்கும் சுமை உருட்டு மரத்துக்கு ஐந்தரை ரூபாய், பலகைக்குப் பதினொரு ரூபாய். உட்காரும் நாற்காலிக்கும் மேசைக்கும் உள்ள வரி இதைவிட மிக அதிகம். 2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறைக்கலன்களின் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பொருள் எவ்வளவுக்கு எவ்வளவு செய்து முடிக்கப்பட்டு வருகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு வரி கூடுகிறது.

இதிலிருந்து தெரிவது ஒன்று. மரம் அறுப்பவருக்கும் தச்சுத் தொழிலாளிக்கும் அரசு ஓரளவு காவல் போட்டிருக்கிறது. குஜராத்தின் காந்திதாமிலும் நம் தூத்துக்குடியிலும் இறக்குமதி மரத்தை அறுக்கும் தொழில் பெருகியதற்கு இந்த வரிப் படிக்கட்டும் ஒரு காரணம். மரம் வளர்ப்பவருக்கு அந்தக் காவல் இல்லை. “உள்நாட்டு மரத் தொழில்” என்று ஒரே பெயரில் அழைத்தாலும், மேட்டுப்பாளையத்தில் பெட்டி அடிக்கும் உங்கள் மகனின் நலனும், கோத்தகிரியில் மரம் வைத்திருக்கும் உங்கள் நலனும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. உருட்டு மர வரியை உயர்த்தினால் உங்கள் மரத்துக்கு விலை கூடலாம். அதே நாளில் அவர் வாங்கும் பைன் பலகைக்கும் விலை கூடும். வழக்குக்குப் போகுமுன் இதை வீட்டில் பேசிக்கொள்வது நல்லது.

இறக்குமதி ஏன் திறந்துவிடப்பட்டது என்பதும் நீலகிரியில் வாழ்பவர்கள் அறிய வேண்டிய வரலாறு. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காட்டு மரத்தைத் தொழிற்சாலைகளுக்குச் சலுகை விலையில் கொடுப்பதை நிறுத்த வேண்டும், மர இறக்குமதியைத் தாராளமாக்க வேண்டும் என்று சொன்னது. அதே பத்தியில், ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடி உறவு ஏற்படுத்தி, கடனும் தொழில்நுட்பமும் தந்து வளர்க்கச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. பிறகு 1996 டிசம்பர் 12 அன்று, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. அந்த வழக்குப் பிறந்த இடம் நம் கூடலூர்க் காடுகள்தாம். ஒரு நாட்டின் காடுகளைக் காத்த தீர்ப்பு இந்த மாவட்டத்து மரங்களுக்காகக் கேட்ட நீதியிலிருந்து வந்தது என்பதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். காட்டு மரம் நின்றது, தேவை நிற்கவில்லை, துறைமுகம் அந்த இடத்தை நிரப்பியது. 1988ஆம் ஆண்டுக் கொள்கையின் முதல் பாதி இவ்வாறு நடந்தேறிவிட்டது. விவசாயியோடு நேரடி உறவு என்ற இரண்டாம் பாதி, சமவெளியில் மலைவேம்பும் சவுக்கும் நட்டவர்களுக்கு ஓரளவு எட்டியது. மலைச்சரிவில் நான்கு ஏக்கர் வைத்திருப்பவருக்கு எட்டவே இல்லை. உங்கள் குறை உண்மையில் இங்கேதான் இருக்கிறது. துறைமுகத்தைப் பார்த்துக் கோபப்படுவதால் அது தீராது.

வழக்குத் தொடுத்தால் என்ன ஆகும்

எதை இறக்குமதி செய்யலாம், எதைத் தடுக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வர்த்தகச் சட்டம் மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. பொருளாதாரக் கொள்கை சரியா தவறா என்று நீதிமன்றம் எடை போடாது என்பதை, பால்கோ ஊழியர் சங்க வழக்கில் 2001ஆம் ஆண்டிலும் வேறு பல தீர்ப்புகளிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. கொள்கை அரசியலமைப்புக்கோ சட்டத்துக்கோ முரணாக இருந்தால்தான் நீதிமன்றம் தலையிடும். “இதனால் எங்கள் மரத்துக்கு விலை இல்லை” என்பது உண்மையாக இருந்தாலும், ரிட் மனுவில் அது வெல்லாது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கு ஏற்ப, 2001 ஏப்ரல் 1 முதல் அளவுக் கட்டுப்பாடுகளையும் இந்தியா பெருமளவு நீக்கிவிட்டதால், முழுத் தடை என்பது அரசுக்கே எளிதல்ல.

பொருள்குவிப்புத் தடுப்பு வரி என்று ஒன்று உண்டே என்று மகன் கேட்கக்கூடும். உண்டு. 1975ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டம் 9ஏ பிரிவின்படி, ஒரு நாடு தன் உள்நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே பொருளைத் தள்ளினால், வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்ககத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பத்தை ஆதரிக்கும் உற்பத்தியாளர்கள் அந்தப் பொருளின் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதமாவது செய்பவர்களாக இருக்க வேண்டும். எதிர்ப்பவர்களைவிட அதிகம் உற்பத்தி செய்பவர்களாகவும் இருக்க வேண்டும். குறைத்து விற்றதையும், அதனால் வந்த பாதிப்பையும், இரண்டுக்கும் உள்ள தொடர்பையும் எண்களால் நிறுவ வேண்டும். எம்.டி.எஃப். எனும் மரநார்ப் பலகை செய்யும் பெரிய ஆலைகள் இவ்வழியில் சென்று வரி பெற்றிருக்கின்றன. மலையெங்கும் சிதறிக் கிடக்கும் சிறு விவசாயிகளுக்கு இது நடைமுறையில் சாத்தியமில்லை. பைனும் சில்வர் ஓக்கும் “ஒத்த பொருள்” தானா என்பதிலேயே விசாரணை சிக்கிக்கொள்ளும்.

கொள்கையை மாற்றக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லையென்று நான் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிதி அமைச்சகம் தொழில் அமைப்புகளின் கருத்தைக் கேட்கிறது. சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் வழியாகவும், நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகவும் மனு தரலாம். மனுவில் “தடை செய்க” என்று எழுதுவதைவிட, பட்டா நிலத்து நடவு மரத்துக்குக் காலக்கெடுவோடு கூடிய அனுமதி, தோட்டத்திலிருந்தே கொள்முதல், இறக்குமதி மரத்துக்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி புகையூட்டல் சோதனையைச் சரியாகச் செய்தல் ஆகியவற்றைக் கேளுங்கள். இவை அரசால் செய்யக்கூடியவை. யாராலும் எளிதில் மறுக்க முடியாதவை.

அனுமதிதான் உங்கள் விலை

“நாங்கள் வைத்த மரம், எங்கள் பட்டா” என்று எழுதியிருக்கிறீர்கள். உரிமை உங்களுடையதுதான், அதில் ஐயமில்லை. வெட்டுவதற்கு மட்டும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி வேண்டும் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்தச் சட்டத்தை விவசாயிக்கு எதிரானதாகப் பார்க்காதீர்கள். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் சரிவுகள் இடிந்து வீடுகளோடு மனிதர்களைக் கொண்டுபோனதை நீங்களும் நேரில் அறிந்தவர்தான். செங்குத்தான சரிவில் ஒரே பருவத்தில் எல்லா மரத்தையும் எடுத்தால் மண்ணைப் பிடிக்க வேர் இராது.

அதே நேரத்தில், சட்டம் உங்கள் பக்கமும் நிற்கிறது. 1996ஆம் ஆண்டு உத்தரவிலேயே, காடாக இல்லாத நிலத்தில் நட்டு வளர்த்த மரங்களுக்குத் தமிழ்நாட்டுக்கான வெட்டுத் தடை பொருந்தாது என்று விலக்கு தரப்பட்டிருக்கிறது. தேயிலை, காபித் தோட்டங்களின் நிழல் மரங்களைப் பொறுத்தவரை, தானாக முளைத்தவற்றை விடுத்து நட்டவற்றை மட்டும், டேன்டீ எனப்படும் தேயிலைத் தோட்டக் கழகத்தின் அறிக்கையில் உள்ள இனங்களுக்குள், குழுவின் மேற்பார்வையில் வெட்டலாம் என்றது நீதிமன்றம். எனவே உங்கள் விண்ணப்பத்தின் உயிர், இவை நட்ட மரங்கள் என்பதை நிறுவுவதில் இருக்கிறது. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவற்றோடு, மரங்களின் எண்ணிக்கையும் நெஞ்சுயரச் சுற்றளவும் எழுதிய பட்டியல், வரிசையாக நட்டது தெரியும் புகைப்படங்கள், மாமனார் காலத்து நாற்று ரசீதோ தோட்டக் குறிப்போ இருந்தால் அதுவும் சேருங்கள். ஓடைக் கரையிலும் செங்குத்தான பகுதியிலும் உள்ள மரங்களை நீங்களே பட்டியலிலிருந்து விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று கட்டமாக வெட்டி, எடுத்த இடத்தில் புதிதாக நடுவேன் என்றும் எழுதிக் கொடுங்கள். பட்டாவில் கூட்டுப் பெயர் இருந்தால் மற்றவர்களின் ஒப்புதலும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆவணங்களிலும் அந்த நிலம் தனியார் காடு என்று குறிக்கப்படவில்லை என்பதை முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிக் குறித்திருந்தால் 1949ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் குறுக்கே வரும்.

விண்ணப்பம் தந்ததற்கு ஒப்புகை பெறுங்கள். பதில் வராமல் இழுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் விடை தர வேண்டும். அதன் பிறகும் அசைவில்லையென்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லும் உத்தரவை உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். மகன் உயர் நீதிமன்றம் போக விரும்பினால், பயன் கிடைக்க வாய்ப்புள்ள மனு இதுதான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரணம் இல்லாத மறுப்பு மேலே நிற்காது.

வியாபாரி பாதி விலை சொன்னதற்குப் பைன் மட்டும் காரணமல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேக்கிங் பெட்டிக்கு இரண்டும் போட்டி போடுவது உண்மைதான். ஆனால் கையில் அனுமதி இல்லாத மரத்தை வாங்குகிறவர், அலைச்சலையும் ஆபத்தையும் விலையில் கழித்துக்கொண்டுதான் கேட்பார். அளவையிலும் கவனமாக இருங்கள். சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கும் பழைய கணக்கில் வருவது மரத்தின் உண்மைக் கன அளவில் 78.5 சதவீதம்தான். விலை எந்தக் கன அடிக்கு, அல்லது டன்னுக்கா என்பதைக் கேட்காமல் இரண்டு விலைகளை ஒப்பிட முடியாது. அனுமதி கைக்கு வந்தபின், மேட்டுப்பாளையத்தில் இருவரிடமாவது, கேரளத்தின் பெரும்பாவூர் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கு வாங்கும் ஒருவரிடமாவது விலை கேளுங்கள். மாநிலம் தாண்டும் மரத்துக்குப் போக்குவரத்து அனுமதியை வாங்குபவரே எடுப்பாரா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி, மரம் வளர்ப்போரையும் ஆலைகளையும் இணைக்கும் பணியைச் செய்துவருகிறது. அங்கே ஒருமுறை நேரில் போய் வருவது வீண்போகாது.

மகனின் பட்டறையைப் பற்றி இரண்டு செய்திகள். அறுத்த பலகை வாங்கிப் பெட்டி அடிக்கும் வரை கவலை இல்லை. பட்டை ரம்பம் பூட்டி உருட்டு மரம் அறுக்கத் தொடங்கினால், 2016ஆம் ஆண்டின் மத்திய வழிகாட்டு நெறிகளின்படி மாநில அளவிலான குழுவின் கண்காணிப்புக்குள் அவர் வருகிறார். “இறக்குமதி மரம் மட்டும்தான் அறுக்கிறேன்” என்று வாயால் சொல்வது உரிமத்துக்கு ஈடாகாது. இரண்டாவது, வெளிநாடு செல்லும் சரக்கின் மரப் பெட்டி, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தி முத்திரையிட்டதாக இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. கோவையிலும் திருப்பூரிலும் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இது கட்டாயம். அந்தப் பதப்படுத்தலுக்கு மத்திய தாவரப் பாதுகாப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உள்ள நிலையத்தோடு அவர் ஒப்பந்தம் செய்துகொண்டால், பெட்டி பைனில் செய்ததா சில்வர் ஓக்கில் செய்ததா என்பதைவிட அந்த முத்திரைக்குத்தான் விலை கிடைக்கும். உங்கள் தோட்டத்து மரத்தை இடைத்தரகர் இல்லாமல் அவரே வாங்கும் வழியும் அப்போது திறக்கும். அதற்கும் வெட்டு அனுமதியும் முறையான பில்லும் வேண்டும்.

கடைசியாக, இப்போது வந்திருக்கும் வியாபாரி முன்பணம் தர முன்வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அனுமதி கிடைக்கும் முன் மொத்தத் தோட்டத்துக்கும் விலை பேசி முத்திரைத் தாளில் கையெழுத்திடாதீர்கள். அனுமதி வந்தால் மட்டுமே விற்பனை நடைமுறைக்கு வரும், பட்டியலில் எண்ணிட்ட மரங்களைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது, அளவை தோட்டத்திலேயே உங்கள் முன்னிலையில் நடக்கும், வெட்டும்போது தேயிலைச் செடிக்கு வரும் சேதத்துக்கு வாங்குபவரே பொறுப்பு ஆகிய நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இவற்றுக்கு அவர் ஒப்பாவிட்டால், முன்பணத்தைத் தொடாமல் அனுமதிக்கான விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிடுங்கள்.